பழைய மாருதி 800 ஹீட் ஆனால்: ரேடியேட்டரா, கேஸ்கெட்டா, என்ஜினா?

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 இன்னும் நம் ஊர்களில் நிறையவே ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த முதல் கார் என்ற பாசத்தில் விற்காமல் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், ஓட்டக் கற்றுக்கொள்ளச் சல்லிசாகப் பிடித்தவர்கள் இன்னொரு பக்கம். ஏதாவது ஒரு கோடையில் இவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு பட்டறைக்குப் போகிறார்கள்: வண்டி ஹீட் ஆகுது, என்ன பண்ணலாம்? ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்வார். அடுத்தவர் தண்ணீர்ப் பாதையில் உள்ள தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொல்வார். மூன்றாமவர் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடலாம் என்பார். மூன்றுமே சில வண்டிகளுக்குச் சரியான வைத்தியம்தான். உங்கள் வண்டிக்கு எது என்பதில்தான், செலவு சில நூறு ரூபாயோடு முடிவதும் ஐந்து இலக்கத்தைத் தொடுவதும் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "பழைய வண்டின்னா ஹீட் ஆகத்தான் செய்யும்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் இயல்பிலேயே சூடாகும் ரகம் கிடையாது. தண்ணீர் ஓட்டமும் காற்றோட்டமும் ஒழுங்காக இருந்தால், மே மாதத்து மதியத்தில் ஏசி போட்டு நெரிசலில் நின்றாலும் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் பாதியைச் சுற்றியே நிற்கும். ஏறுகிறது என்றால் எங்கோ ஒரு பழுது இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க முடியும். ஜென், ஆம்னி, அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அம்பாசடரிலும் பத்மினியிலும் ஃபேன் பெல்ட்டில் சுற்றும், 800-இல் கரண்டில் சுற்றும். அந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஏறுகிறது என்பதுதான் முதல் கேள்வி

சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் குறை காற்றில். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிரவைக்கிறது, நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்யவேண்டும். அது செய்யவில்லை. இங்கே ரேடியேட்டரை மாற்றினால் பணம்தான் போகும்.

நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடி, நெடுஞ்சாலையில் 80-இல் பத்து இருபது நிமிடம் போனதும் ஏறுகிறதா? அந்த வேகத்தில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். அப்போது குறை தண்ணீர் ஓட்டத்தில்: ரேடியேட்டர் அடைப்பு, பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட், துருப்பிடித்துத் தேய்ந்த வாட்டர் பம்ப், அல்லது ரேடியேட்டரிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸ், பம்ப் உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்வது.

மலை ஏறும்போது மட்டும் வரும் ஹீட் கொஞ்சம் சிக்கலானது. வேகம் குறைவு, என்ஜினுக்குப் பளு அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ வால்பாறையின் 40 வளைவுகளோ, சமவெளியில் மறைந்திருந்த எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் வெளியே கொண்டுவந்துவிடும். அதனால் மலையில் ஹீட் ஆன வண்டியை, கீழே இறங்கி நெடுஞ்சாலையிலும் நெரிசலிலும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லு மாதிரி விறைக்கிறது என்றால் விஷயம் வேறு. தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆனாலும் அழுத்தம் வந்துவிட்டது. சிலிண்டருக்குள் எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்தால் மட்டும்தான் இப்படி நடக்கும். ஹெட்டுக்கும் அதன் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக நிற்கும் கேஸ்கெட்டைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இவ்வளவும் பார்ப்பதற்கு முன்னால் முள் உண்மை பேசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டதும் முள் ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது எர்த் கோளாறு. தூரத்தில் நின்று சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது மலிவாகவே கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் மூடிக்கு நேரே பிடித்தால் 90 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். முள் சிவப்பைத் தொடும்போது அந்தக் கருவியும் தொண்ணூறைச் சுற்றியே காட்டினால், உங்கள் என்ஜினில் ஒரு குறையும் இல்லை. சென்சாரையோ ஒயரையோ பார்த்தால் போதும்.

மூடி, பெல்ட், ஃபேன் ஸ்விட்ச்: இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. ஆனால் அது குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. 0.9 என்று அச்சடித்த மூடி சரியாக இருந்தால், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியை நெருங்கும்வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்து ரப்பர் வெடித்த மூடியில் நூறிலேயே கொதிக்கும். ஊட்டியில் இன்னும் மோசம். 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதாவது ஃபேன் ஓடத் தொடங்க வேண்டிய சூட்டுக்குப் பக்கத்திலேயே. "சமவெளியில ஒண்ணும் இல்ல சார், குன்னூர் தாண்டினா பொங்குது" என்கிற வண்டிகளில் முதலில் மாற்றவேண்டியது மூடிதான். வண்டி குளிர்ந்த பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக் கிடந்தாலும் மூடிதான் காரணம். ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கவிடும் சின்ன வால்வு அதில் அடைத்திருக்கும்.

வாட்டர் பம்பைச் சுற்றும் பெல்ட் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ விரலால் அமுக்கினால் தொளதொளவென்று இறங்கினாலோ மாற்றிவிடுங்கள். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து தண்ணீர் கசிந்த தடம் தெரிந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். சீலை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு என்றாலும் நான் முழுப் பம்பாகவே மாற்றச் சொல்வேன். தேய்ந்த பேரிங்கின் மேல் போட்ட புது சீல் நிலைப்பதில்லை.

சூடேறியதும் ஃபேனைத் தானாக ஓடவிடும் ஸ்விட்ச் போனால் இரண்டு வழி சொல்வார்கள். புது ஸ்விட்ச் போடுவது ஒன்று, சாவி போட்டதுமே ஃபேன் சுற்றும்படி நேரடியாக இணைத்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பல பட்டறைகளில் செய்கிறார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் அது நல்ல உபாயம், மறுக்கவில்லை. நிரந்தரமாக விட்டால் ஃபேன் மோட்டாரின் ஆயுள் குறையும், பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் சுமை. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. புது ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு, அதோடு இணையாக டேஷ்போர்டில் ஒரு கை ஸ்விட்ச்சும் வைத்துக்கொள்வது. மலை ஏறும் முன் கையாலேயே போட்டுக்கொள்ளலாம். ஒயரிங் ரிலே வழியாகப் போகவேண்டும், அது முக்கியம்.

கேஸில் ஓடும் வண்டிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. எல்பிஜியை ஆவியாக்கும் ரெட்யூசருக்கு என்ஜினின் சுடுநீர்தான் சூடு கொடுக்கிறது. கிட் போடும்போது இரண்டு மெல்லிய ஹோஸ் கூடுதலாக வந்திருக்கும், கூடவே நான்கைந்து கிளிப்புகளும். கசிவுக்கும் காற்று அடைப்புக்கும் அவை புது இடங்கள். முள் சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். ரெட்யூசரின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தால் வேறு சோதனை தேவையில்லை. சுடுநீர் அதுவரை வந்து சேரவே இல்லை. என்ஜினில் தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்: கழற்றி எறிவதா, மாற்றுவதா?

நம் ஊரில் இது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. ஹீட் என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று ஒரு விளக்கமும் கிடைக்கும். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 82 அல்லது 88 டிகிரி என்று எண் போட்டிருக்கும் அந்தச் சின்ன வால்வு, என்ஜின் அந்தச் சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கிறது. வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் என்ஜினுக்கு அது குளிர்தான்.

கழற்றினால் என்ன ஆகும்? என்ஜின் தன் சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் வரவே வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும் எம்பிஎஃப்ஐ வண்டியில் இது இன்னும் கூடுதல், என்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கும். ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கிக் கசடு கட்டும், ரிங் தேயும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாதபோது தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவந்துவிடும், அங்கே ஹீட் குறைவதற்குப் பதில் கூடும்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பாதி அடைத்த ரேடியேட்டர் உள்ள வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் ஹீட் ஆவது தள்ளிப்போகும். முன்பு பத்து நிமிடத்தில் ஏறிய முள் இப்போது அரைமணி கழித்து ஏறும். சரியாகிவிட்டது என்று நம்பி வெளியூர் கிளம்புகிறோம். பாதி வழியில் ஹெட் வளைகிறது. ஒரு சில நூறு ரூபாய்ப் பாகத்தை மிச்சம் பிடித்து இந்த நிலைமைக்கு வருவது நியாயமே இல்லை.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் அச்சடித்த சூட்டுக்குப் பக்கத்தில் வால்வு நகரத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லையா, பாதியில் நிற்கிறதா, புதிது போடுங்கள். புதிதையும் மாட்டுவதற்கு முன் இப்படி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ரேடியேட்டர்: கழுவுவதா, குத்துவதா, கோர் மாற்றுவதா, புதிதா?

பெரும்பாலான 800-களில் உண்மையான குற்றவாளி இங்கேதான் இருக்கிறது. ஆனால் அடைப்பு உள்ளேயா வெளியேயா என்று பிரித்துப் பார்க்காமல் செலவு செய்கிறார்கள்.

வெளி அடைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏசி உள்ள வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் நிற்கிறது. முன்பக்கம் இருந்து பார்த்தால் கண்டென்சர் மட்டும்தான் தெரியும், அது சுத்தமாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வருடக்கணக்கான புழுதி, பூச்சி இறக்கை, பஞ்சு, காய்ந்த இலை எல்லாம் சேர்ந்து கம்பளி விரித்தது போல ஒட்டியிருக்கும். முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அது இன்னும் உள்ளே இறுகும். ரேடியேட்டரை இறக்கி, என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் கழுவவேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுப் பாதை நிரந்தரமாக மூடிவிடும். கழுவும் கூலியோடு முடிகிற வேலை இது. இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் அடுத்த செலவுக்குப் போகாதீர்கள்.

உள் அடைப்பைக் கண்டுபிடிக்க, வண்டியை நன்றாகச் சூடாக்கி என்ஜினை அணைத்து, ஃபேனின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டரின் முகப்பு முழுவதும் தெர்மாமீட்டரை ஓட்டுங்கள். கனெக்டரைப் பிடுங்கச் சொல்வது விரல்களைக் காப்பாற்ற, சாவியை எடுத்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு படிப்படியாகக் குறைந்தால் நல்லது. நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால், அந்தக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை.

இப்போதுதான் நான்கு வழிகளுக்கும் ஒப்பீடு. ஃப்ளஷ் மருந்து ஊற்றிக் கழுவுவது மிகவும் மலிவு. துரு, ஆயில் கசடு, மெல்லிய படிவு போன்றவற்றுக்குக் கேட்கும். ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றிக் கல்லாகிப்போன உப்புக்குக் கேட்காது. பாதி கரைந்த படிவு பெயர்ந்து வந்து நன்றாக இருந்த குழாய்களையும் அடைத்த கதைகள் உண்டு. அதனால் குளிர்ந்த திட்டுகள் ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் நான் ஃப்ளஷ்ஷை நம்பமாட்டேன்.

அடுத்தது ரேடியேட்டர் பட்டறை. பித்தளைத் தொட்டியும் செம்புக் கோரும் (குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) உள்ள பழைய வகை என்றால், பட்டறைக்காரர் ஈயப் பற்றை உருக்கித் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்து, திரும்பப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் கசிவு பார்த்துத் தருவார். நல்ல கைப்பாங்கு உள்ள ஆள் செய்தால் இதற்கு இணையான வேலை இல்லை, செலவும் புதிதைவிட வெகுவாகக் குறைவு. இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதுதான் வருத்தம். உங்கள் ஊரில் லாரி ரேடியேட்டர் பார்க்கும் பட்டறை இருந்தால் அங்கே கேளுங்கள். தகடுகள் தொட்டாலே உதிர்கிற அளவுக்கு அரித்திருந்தால் மட்டும் குத்துவதில் பயனில்லை. உள்ளே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கத் தகடு வேண்டும். அப்போது பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாக மாற்றலாம்.

அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள வகை என்றால் கதை வேறு. அதைப் பிரித்துக் குத்தி மடித்து மூடித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மடிப்பு ஒருமுறை திறந்தால் பழைய பிடிப்பு வராது, பிளாஸ்டிக்கும் வயதாகி நொறுங்கும் பதத்தில் இருக்கும். நேராகப் புதிதுக்குப் போங்கள். சில ஆயிரங்களில் முடியும். சென்னையில் ஜிபி ரோட்டிலும் மற்ற நகரங்களின் ஸ்பேர்பார்ட்ஸ் கடைத்தெருக்களிலும் பல கம்பெனிகளின் சரக்கு கிடைக்கிறது. விலை வித்தியாசத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கோரின் தடிமனும் தகடுகளின் நெருக்கமும்தான். பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதைவிட மெலிதாகவோ தகடுகள் அகலமாகவோ இருப்பதை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், முக்கியமாக ஏசி வண்டிக்கு.

பழைய மார்க்கெட்டில் கழற்றிய ரேடியேட்டர் வாங்குவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. உள்ளே பார்க்க முடியாத பொருளை எதை நம்பி வாங்குவது?

கசிவுக்கு மஞ்சள் தூள் போடும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னத் துளை என்றால் நிற்கத்தான் செய்கிறது. வழியில் நின்றுபோன வண்டி வீடு வந்துசேர அது போதும். கடையில் விற்கும் சீலர் பவுடரும் அதே வேலைதான். ஆனால் துளையை அடைக்கும் பொருள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வீடு வந்ததும் துளையைப் பற்றவைத்து, உள்ளே போட்டதை முழுக்கக் கழுவி எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரா, கூலண்டா?

வெறும் தண்ணீர் சூட்டைக் கடத்துவதில் கூலண்ட் கலவையைவிட மேல் என்று சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊற்றுவது வெறும் தண்ணீர் அல்ல, உப்புத் தண்ணீர். நம் போர்வெல் தண்ணீர் என்ஜினின் சூடான சுவர்களில் படிந்து, உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு போர்வையாகிவிடுகிறது. கூலண்டை நாம் ஊற்றுவது உறைபனிக்காக அல்ல. அதில் உள்ள துருத் தடுப்புக்காகவும், கொதிநிலை சில டிகிரி கூடுவதற்காகவும்தான். உப்பு நீக்கிய தண்ணீரோடு, டப்பாவில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும். ஒன்றோடு இன்னொரு வகையைக் கலக்காதீர்கள்.

பல ஆண்டுகள் தண்ணீரிலேயே ஓடிய என்ஜினில் கழுவிக் கூலண்ட் ஊற்றியதும் புதிதாக ஒழுகத் தொடங்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகடுகள், பட்டறையில் டம்மி என்பார்கள், ஏற்கெனவே அரித்துத் துருவால் மட்டும் அடைபட்டு நின்றிருக்கும். கூலண்ட் கெடுத்துவிட்டது என்று அதை வடித்துவிடாதீர்கள். டம்மியை மாற்றுங்கள், விலை ஒன்றுமே இல்லை.

ஊற்றிய பிறகு காற்றை வெளியேற்றுவதை அவசரப்படாமல் செய்யவேண்டும். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டர் இருந்தால் அதன் நெம்புகோலை முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சட்டென்று இறங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்து, மேல் ஹோஸைப் பிசைந்து குமிழிகளை வெளியேற்றி மூடுங்கள். புது ரேடியேட்டர் போட்டும் ஹீட் ஆகிறது என்று திரும்பி வரும் வண்டிகளில் உள்ளே காற்று நிற்பது அடிக்கடி காண்பது.

ஹெட் கேஸ்கெட்

தண்ணீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி. காலையில் சைலன்சரில் கலையாத வெண்புகை. ஆயில் மூடியின் உட்புறம் பால்காபி நிறத்தில் பசை. இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். பால் நிறப் பசை மட்டும் தனியாக இருந்தால் பயப்படவேண்டாம். பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அது வரும்.

ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். இரண்டு பிளக்குகள் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல வெளுத்தும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டில் குறைந்து காட்டுவதும் உண்டு, நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை சில பட்டறைகளில் இருக்கிறது. எரிந்த வாயு வந்தால் நிறம் மஞ்சளாகும். இந்த மூன்றில் ஒன்றாவது செய்து காட்டாமல் ஹெட்டைத் தொடவிடாதீர்கள்.

உறுதியானால் இரண்டு வழி வைப்பார்கள். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடுவது, அல்லது ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து, அதாவது அடிப்பரப்பை இழைத்துச் சமமாக்கிப் போடுவது. முதல் வழி விரைவு, மலிவு. ஆனால் இந்த வண்டியின் ஹெட் அலுமினியம், ஒருமுறை நன்றாகச் சூடானாலே வளையும். சுசுகி அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர். நேர்க்கோலை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நுழைந்தால் ஃபேஸிங் கட்டாயம். நுழையாவிட்டால் துடைத்து அப்படியே போடலாம். அளக்காமலே "பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்று மூடுவதுதான் இரண்டே மாதத்தில் அதே செலவைத் திரும்ப வைக்கிறது. கூலி முழுக்கத் திரும்பவும் கொடுக்கவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஃபேஸிங்குக்கும் எல்லை உண்டு. ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை இழைத்த ஹெட்டை மேலும் இழைத்தால் எரியும் அறை சுருங்கி, என்ஜின் தட்டத் தொடங்கும், அதுவே மறுபடி ஹீட்டுக்கு வழி. லேத்தில் கொடுக்கும்போதே விரிசல் சோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், வால்வு சீட்டுகளுக்கு நடுவில்தான் முடிபோல விரிசல் விழும். விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், வேறு ஹெட் பாருங்கள். கோர்க்கும்போது முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று கட்டமாக முறுக்கவேண்டும். கை அளவில் முறுக்குபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

முக்கியமான ஒன்று: கேஸ்கெட் போனது பெரும்பாலும் விளைவு, காரணம் இல்லை. ரேடியேட்டரையும் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், புதியதும் அதே சூட்டில் போகும். ஆகவே கையில் இருக்கும் பணம் ஹெட் வேலைக்கு மட்டும்தான் சரியாக இருக்கிறது என்றால், ரேடியேட்டருக்கும் சேர்த்துப் பணம் புரளும்வரை வண்டியை நிறுத்திவைப்பதே மேல்.

வழியில் பொங்கிவிட்டால் செய்யவேண்டியதும் இந்த ஹெட்டைக் காப்பாற்றத்தான். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். மூடியைத் தொடாதீர்கள், முகத்திலும் கையிலும் கொதிநீர் பீய்ச்சும். குறைந்தது அரைமணி, மேல் ஹோஸைக் கையால் பிடிக்கமுடிகிற அளவுக்கு ஆறட்டும். அதன் பிறகும் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் என்ஜினில் ஐஸ் தண்ணீரை மளமளவென்று ஊற்றியதால் வெடித்த ஹெட்டுகள் நிறைய.

என்ஜினை மாற்றுவதா, வண்டியை விடுவதா?

கம்ப்ரஷன் மூன்றிலும் குறைந்து, ஆயிலும் குடிக்கிறது என்றால் ஹெட் வேலை மட்டும் பத்தாது. போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது ஒரு வழி, சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ கழற்றிய என்ஜின் வாங்கிப் பொருத்துவது இன்னொன்று. கழற்றிய என்ஜின் விலை குறைவு, இரண்டு நாளில் வண்டி கைக்கு வரும். ஆனால் அந்த என்ஜின் எத்தனை முறை கொதித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் என்ஜின் நம்பரையும் மாற்றவேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் எஃப்சி சமயத்திலும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல். வாங்கும்போது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள், தராத கடையில் வாங்காதீர்கள். பிளாக்கில் விரிசல் இல்லாதவரை நான் சொந்த என்ஜினை வேலை செய்வதையே தேர்வு செய்வேன்.

பதிவுச் செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் 800-இன் விற்பனை நின்றுவிட்டது. அதனால் சென்னையில் புதிதாக வாங்கிய எந்த 800-உம் இன்று 15 ஆண்டைத் தாண்டியிருக்கும். 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி. புதுப்பிக்கும் தேதி இன்னும் நான்கு ஆண்டு தள்ளி இருக்கிறது, பாடி துருப்பிடிக்கவில்லை என்றால் ஹெட்டும் ரேடியேட்டரும் சேர்த்து வேலை செய்வது நல்ல முடிவு. தேதி ஆறு மாதத்தில் வருகிறது, அடித்தளத் தகட்டில் ஓட்டை, என்ஜினும் ஆயில் குடிக்கிறது என்றால் ரேடியேட்டர் கடைக்குப் போவதற்கு முன்பே விற்றுவிடுங்கள். வாங்க வருபவரிடம் ஹீட் ஆகும் வண்டி என்று சொல்லியே விற்கலாம். பாகத்துக்காக 800 தேடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் வண்டியின் கியர்பாக்ஸும் கதவுகளும் போதும்.